படையும் ஆளுநரும் இல்லாத ஆதிக்கம்: பெல்ஜியத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

கேள்வி: வன்னிமகள் (கிளிநொச்சி)

அனைவருக்கும் வணக்கம். க.பொ.த. உயர்தர வகுப்புக்கு ஐரோப்பிய வரலாறு கற்பித்து வருகிறேன். பெல்ஜியத்தின் குடியேற்றவாதம் என்றதும் கொங்கோ ஒன்றுதான் பேசப்படுகிறது. 1884–85 பெர்லின் மாநாடு, மன்னர் இரண்டாம் லியோபோல்டின் சொந்த உடைமைபோல் ஆளப்பட்ட கொங்கோ, இறப்பருக்காக நடந்த கொடுமைகள், 1908இல் பெல்ஜிய அரசு அந்நாட்டைப் பொறுப்பேற்றது என்பவற்றுடன் பாடம் முடிந்துவிடுகிறது. ஆனால் அதே ஆண்டுகளில் சீனாவின் மிக நீண்ட புகையிரதப் பாதைகளுள் ஒன்றையும், கெய்ரோ நகரின் டிராம் வண்டிகளையும், பாரசீகத்தின் (இன்றைய ஈரான்) சுங்கத்தையும் பெல்ஜியர்களே நடத்திக்கொண்டிருந்தார்கள். அந்த நாடுகளில் எதுவும் பெல்ஜியத்தின் குடியேற்ற நாடு அன்று.

இதை ஏகாதிபத்தியம் என்று வகுப்பில் கூறலாமா, அல்லது வெறும் வணிகம் என்று விட்டுவிடுவதா என்பதே என் கேள்வி. ஆர்ஜென்டீனாவில், நாட்டைப் பிடித்து ஆளாமலே பிரித்தானியா செலுத்திய செல்வாக்கை முறைசாரா ஏகாதிபத்தியம் என்று எழுதுகிறார்கள். அங்கே பின்னால் ஒரு பெருங்கடற்படை நின்றது. பெல்ஜியமோ 1839ஆம் ஆண்டின் லண்டன் உடன்படிக்கையால் நடுநிலைக்குக் கட்டுப்பட்ட சிறிய நாடு. இருந்த சிறு கடற்படையையும் 1862இல் கலைத்துவிட்டது. "படை இல்லாதவனுக்கு ஏன், ரீச்சர், ஒரு பேரரசு பயப்பட வேண்டும்?" என்று மாணவன் ஒருவன் கேட்டான். அவனுக்குச் சொல்லத்தக்க மறுமொழி எனக்குத் தேவை.

மறுமொழி: ஓமந்தையான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். புகையிரதத் திணைக்களத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால் சீனப் பாதையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஆனால் உங்கள் மாணவனின் கேள்விக்கு அந்த ஒரு பாதையே போதும் என்று நினைக்கிறேன்.

1895இல் யப்பானிடம் தோற்ற பின்னர், பீக்கிங்கிலிருந்து (இன்றைய பெய்ஜிங்) யாங்சி ஆற்றங்கரையிலுள்ள ஹான்கோ வரை ஒரு பெருவழியை அமைத்தே ஆக வேண்டும் என்று சீன அரசு முடிவு செய்தது. பணம் இல்லை. பிரித்தானியாவிடம் கடன் வாங்கினால் யாங்சிப் பள்ளத்தாக்குப் போய்விடும், ரஷ்யாவிடம் வாங்கினால் வடக்குப் போய்விடும் என்ற அச்சம் ஆளுநர் ஜாங் ஜிடோங்குக்கும் புகையிரதப் பணிகளுக்குப் பொறுப்பாயிருந்த ஷெங் சுவான்ஹுவாய்க்கும் இருந்தது. நிலம் பிடிக்கும் ஆசையோ வலுவோ இல்லாத நாடு என்று எண்ணியே அவர்கள் பெல்ஜியத்தைத் தெரிந்தெடுத்தார்கள். அதாவது, சிறுமையும் நடுநிலையும் பெல்ஜிய முதலாளிகளுக்குக் குறைபாடாக இருக்கவில்லை. அவர்கள் கடைவிரித்த சரக்கே அதுதான்.

1898 யூன் மாதத்தில் கைச்சாத்தான இறுதி ஒப்பந்தத்தைப் பாருங்கள். கடன்தொகை 112.5 மில்லியன் பிராங், அதாவது அன்றைய மதிப்பில் 45 இலட்சம் பவுண். வட்டி 5 வீதம். அது பெரிய வட்டி அன்று. ஆனால் கடன் தீரும்வரை பாதையை இயக்கும் உரிமை கடன் கொடுத்த கம்பனிக்கு. நிகர இலாபத்தில் 20 வீதமும் அதற்கே. தண்டவாளமும் வண்டியும் வாங்குவதிலும் பெல்ஜிய, பிரெஞ்சுத் தொழிற்சாலைகளுக்கு முன்னுரிமை. பாதை சீன அரசின் சொத்து என்றுதான் தாளில் இருந்தது. எந்த வண்டி எப்போது ஓடுவது, எந்தச் சரக்குக்கு என்ன கூலி, எந்த நிலையத்துக்கு யார் அதிபர் என்பதையெல்லாம் தீர்மானித்தவர்கள் தலைமைப் பொறியியலாளர் ஜான் ஜடோவும் அவருடைய ஆட்களும். ஒரு பாதையின் உடைமை எவரிடம் இருக்கிறது என்பதைவிட இயக்கம் எவரிடம் இருக்கிறது என்பதே பெரிது என்பது எங்கள் தொழிலில் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டிய செய்தி அன்று.

ஒப்பிட்டுப் பார்க்க நம் வாசலிலேயே ஒரு பாதை இருக்கிறது. வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி வழியாகக் காங்கேசன்துறை வரை சென்ற வடபகுதிப் பாதை 1905இல் முழுமை பெற்றது. மஞ்சள் ஆற்றின் மேல் ஏறத்தாழ 3 கிலோமீற்றர் நீளப் பாலத்தைக் கட்டி, 1,200 கிலோமீற்றருக்கும் கூடிய பீக்கிங்–ஹான்கோ பாதையைப் பெல்ஜியர்கள் முடித்ததும் அதே ஆண்டில்தான். நம் பாதையை அமைத்தது குடியேற்ற அரசின் சொந்தத் திணைக்களம். அதன் இலாபமும் நட்டமும் கொழும்புத் திறைசேரிக்குரியவை. ஆளுநரை எதிர்ப்பவன் அந்தப் பாதையையும் சேர்த்து எதிர்க்கலாம். சீனாவில் ஆளுநர் சீனர், கொடி சீனக்கொடி, இயக்குபவன் மட்டும் அந்நியன். இந்த இரண்டில் முன்னையதை மாத்திரம் ஏகாதிபத்தியம் என்று எழுதிவிட்டுப் பின்னையதை வணிகம் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இனி, படை இல்லாதவனுக்கு ஏன் அச்சம் என்ற கேள்விக்கு வருகிறேன். பெல்ஜியம் 1865இல் சீனாவுடன் ஓர் உடன்படிக்கை செய்திருந்தது. சீன மண்ணில் குற்றம் செய்த பெல்ஜியரைச் சீன நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்ற உரிமையுடன், வேறெந்த நாட்டுக்கு எந்தச் சலுகை கிடைத்தாலும் அது பெல்ஜியத்துக்கும் உரியது என்ற வாசகமும் அதில் இருந்தது. ஆகவே பிரித்தானியக் கப்பல்களும் பிரெஞ்சுப் படைகளும் போரிட்டுப் பெற்றவை, ஒரு துப்பாக்கிக் குண்டும் செலவில்லாமல் பிரசெல்ஸ் நகரத்து வணிகனுக்கும் கிடைத்தன. 1900இல் சீனாவில் அந்நியருக்கு எதிராக எழுந்த பொக்சர் கிளர்ச்சியை அடக்கச் சென்ற எட்டு நாட்டுப் படையில் பெல்ஜியம் இல்லை. ஆயினும் சீனாமேல் சுமத்தப்பட்ட 450 மில்லியன் தாயல் (சீன வெள்ளி அளவை) இழப்பீட்டில் ஏறக்குறைய 2 வீதம் அதற்குக் கிடைத்தது. தியென்சின் துறைமுக நகரில் தனக்கென ஒரு குடியிருப்புப் பகுதியையும் 1902இல் அது ஒப்பந்தமாக்கிக்கொண்டது. அந்தப் பகுதியை அவர்கள் பெரிதாக வளர்க்கவுமில்லை. அவர்களுடைய டிராமும் மின்விளக்குக் கம்பனியும் நகரின் மற்றப் பகுதிகளில்தான் பணம் பார்த்தன.

மறுமொழி: முள்ளியவளை வாசகர்

ஓமந்தை ஐயா எழுதிய தகவல்களில் எனக்கு மறுப்பு இல்லை. அவற்றிலிருந்து அவர் எடுக்கும் முடிவில்தான் தயக்கம். கடன் கொடுத்தவன் தன் பணம் திரும்பி வருவதற்காக நிபந்தனை விதிப்பதையெல்லாம் ஏகாதிபத்தியம் என்றால், அந்தச் சொல்லுக்குள் அடங்காத கொடுக்கல்வாங்கலே உலகில் இராது. போருக்குப் பின் ஓமந்தையிலிருந்து வடக்கே போன தண்டவாளமும் இந்தியக் கடனுதவியில், இந்திய நிறுவனமான இர்கொன் அமைத்ததுதான். அதைப் பற்றிப் பலருக்குப் பல கருத்துகள் இருக்கலாம். ஆனால் வண்டியை ஓட்டுவது நம் நாட்டுத் திணைக்களம்.

பெல்ஜியர் சென்ற இடமெல்லாம் இதே கதைதான் என்பதும் சரியன்று. சீயத்தை (இன்றைய தாய்லாந்து) பாருங்கள். 1892இல் சூலலொங்கோர்ன் மன்னர் தம் பொது ஆலோசகராகக் குஸ்தாவ் ரொலின்-ஜெக்மின்ஸ் என்ற பெல்ஜியச் சட்ட அறிஞரை அமர்த்தினார். பெல்ஜியத்தின் முன்னாள் உள்நாட்டு அமைச்சர். 1873இல் அனைத்துலகச் சட்டக் கழகம் உருவாகக் காரணமாயிருந்தவர்களுள் முதன்மையானவர். 1893இல் பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் ஆற்றுவாயிலைக் கடந்து பாங்கொக் வரை வந்து நின்றபோது, சீயத்தின் பக்கம் நின்று சட்டமும் இராசதந்திரமும் சொன்னவர் அவர்தான். பெல்ஜியச் சட்ட வல்லுநர்கள் சிலரை வரவழைத்து நீதிமன்றங்களைச் சீராக்கவும் உதவினார். ஐரோப்பியருக்கு ஐரோப்பியச் சட்டத்தின் மொழியிலேயே மறுமொழி கொடுக்க மன்னர் அவரைப் பயன்படுத்திக்கொண்டார். இங்கே எவர் எவரை ஆண்டார்? சிறிய நாட்டின் ஆள் என்பதால் அச்சமின்றி அமர்த்தினார்கள், அந்த நம்பிக்கை பிழைக்கவுமில்லை.

மறுமொழி: மாங்குளம் சந்தி

சீயத்தைப் பற்றி முள்ளியவளை அண்ணா எழுதியது உண்மைதான். ஆனால் அதே தசாப்தத்தில், அதே காரணத்துக்காகப் பெல்ஜியரை அழைத்த இன்னொரு மன்னரின் கதையும் இருக்கிறது. ஆசிரியர் வகுப்புக்குப் போக முன்னர் இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

பாரசீகத்தில் சுங்கம் அதுவரை குத்தகைக்கு விடப்பட்டு வந்தது. அரசுக்கு வருவாய் போதவில்லை. ரஷ்யரையோ ஆங்கிலேயரையோ சுங்கத்தில் உட்காரவைக்க முடியாது. ஒருவரை வைத்தால் மற்றவர் விடமாட்டார். ஆகவே 1898இல் ஜோசப் நௌஸ் என்பவரையும் வேறு சில பெல்ஜியச் சுங்க அதிகாரிகளையும் அழைத்தார்கள். குத்தகை ஒழிந்தது, கணக்கு ஒழுங்குக்கு வந்தது, வருவாய் உயர்ந்தது. இதுவரைக்கும் நல்ல நிருவாகம் என்றே எழுதலாம்.

1900இல் பாரசீக மன்னரான ஷா ரஷ்யாவிடம் 22.5 மில்லியன் ரூபிள் கடன் வாங்கினார். அதற்கு ஈடாக வைக்கப்பட்டது, தென்பகுதித் துறைமுகங்கள் நீங்கலாக நாட்டின் சுங்க வருவாய். அந்த நாள் முதல், பெல்ஜியர் ஒழுங்காகத் திரட்டிய ஒவ்வொரு காசும் முதலில் ரஷ்யக் கடனுக்குச் சென்றது. சுங்கம் எவ்வளவு செம்மையாக நடந்ததோ அவ்வளவுக்கு ரஷ்யாவின் கடன் பாதுகாப்பாயிற்று. 1903இல் நடைமுறைக்கு வந்த புதிய தீர்வை விகிதங்கள் ரஷ்யப் பொருள்களுக்குச் சாதகமாகவும் உள்ளூர் வணிகருக்குச் சுமையாகவும் அமைந்தன. அவற்றைப் பேசி முடித்ததில் நௌஸின் கை இருந்தது. அவரோ சுங்கத்துடன் நிற்காமல் அஞ்சல் துறை உட்பட வேறு பொறுப்புகளையும் சேர்த்துக்கொண்டே போனார். 1905இல், மாறுவேட விருந்து ஒன்றில் அவர் முல்லாவின் உடை அணிந்து எடுத்த படம் முஹர்ரம் மாதத்தில் தெஹ்ரான் மக்களிடையே பரவியது. தீர்வையால் ஏற்கெனவே வெந்துகொண்டிருந்த கடைத்தெரு வணிகர்களும் மதத் தலைவர்களும் அவரை நீக்கக் கோரி எழுந்தார்கள். அடுத்த ஆண்டு அரசியலமைப்பையும் நாடாளுமன்றத்தையும் பெற்றுத் தந்த கிளர்ச்சியின் தொடக்கக் காரணங்களுள் இதுவும் ஒன்று. 1907இல் மஜ்லிஸ் எனப்பட்ட அந்தப் புதிய நாடாளுமன்றம் வற்புறுத்தி அவரை நீக்கியது.

நீக்கியதோடு பெல்ஜியரின் காலம் முடியவில்லை. 1911இல் நிதியைச் சீராக்க வந்த அமெரிக்கர் மோர்கன் ஷஸ்டரை வெளியேற்றுமாறு ரஷ்யா இறுதி எச்சரிக்கை விடுத்துப் படையையும் நகர்த்தியது. அவருடைய இடத்தில் திறைசேரித் தலைவராக அமர்ந்தவர் மொர்னார் என்ற இன்னொரு பெல்ஜியர்.

ஆகவே அனுப்பிய நாடு சிறியதா, வந்தவர் நல்லவரா என்பவற்றை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. வந்தவருக்குச் சம்பளம் கொடுப்பவரும், அவரைப் போகச் சொல்லக்கூடியவரும் ஒருவரேயா என்று பார்க்க வேண்டும். பாங்கொக்கில் ஒருவரே. தெஹ்ரானில் சம்பளம் ஷாவினது. போகச் சொல்லும் உரிமையில் பெரும்பங்கு அன்றைய ரஷ்யத் தலைநகரான சென் பீற்றர்ஸ்பேர்க்கில் இருந்தது. சீனாவின் பாதையிலும் இதே நிலைதான் என்பதை ஐயா விடுபட விட்ட ஒரு செய்தி காட்டும். பெல்ஜியக் கம்பனி என்று அழைக்கப்பட்டதற்குள் பெருமளவு பிரெஞ்சு மூலதனம் இருந்தது; ரஷ்யா ஆதரவளித்தது. அதனால் சினந்த பிரித்தானியா, ஒப்பந்தம் முடிந்த சில வாரங்களுக்குள், தனக்கும் ஈடாகப் பல பாதைகளின் உரிமை வேண்டும் என்று பீக்கிங்கை நெருக்கிப் பெற்றுக்கொண்டது. பயமுறுத்தாதவனிடம் கடன் வாங்கப்போன சீனா, பயமுறுத்தும் மூவருக்கும் ஒரே சமயத்தில் மறுமொழி சொல்ல வேண்டியதாயிற்று.

வன்னிமகள் (கிளிநொச்சி)

மூவருக்கும் நன்றி. சம்பளமும் நீக்கும் உரிமையும் என்ற அளவுகோல் மாணவருக்குப் புரியும். இன்னும் இரண்டு கேள்விகள். எகிப்தை எவரும் தொடவில்லை. மற்றொன்று, வன்னியை ஆண்ட குறுநிலத் தலைவர்களான நம் வன்னியரையே எடுத்துக்காட்டாகச் சொல்லலாமா? ஒல்லாந்தருக்கு யானைகளைத் திறையாகக் கொடுத்துக்கொண்டு பனங்காமத்திலும் முள்ளியவளையிலும் கரிக்கட்டுமூலையிலும் தாங்களே ஆண்டார்கள் என்பதால், முறைசாரா ஆதிக்கத்துக்கு அதுவே அருகிலுள்ள எடுத்துக்காட்டு என்று எனக்குத் தோன்றுகிறது.

மறுமொழி: நெடுங்கேணிச் சிவம்

தங்கச்சி, வன்னியரை இதற்குள் கொண்டுவருவதில் நான் உங்களுடன் ஒத்துப்போகவில்லை. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரும், 1658இல் அவர்களை அகற்றிய ஒல்லாந்தரும், வன்னியைத் தாங்கள் வென்ற அரசின் பகுதி என்றே கருதினார்கள். ஒல்லாந்தரின் பார்வையில் யானை, குடிமகன் கட்ட வேண்டிய இறை. வன்னியரின் பார்வையில் அது, விரும்பினால் கொடுத்து விரும்பாவிட்டால் நிலுவையில் விடும் திறை. நிலுவை ஆண்டுக்கணக்கில் ஏறியதும், ஆனையிறவு வழியாக யாழ்ப்பாணம் சென்று ஊர்காவற்றுறையில் கப்பலேற வேண்டிய யானைகள் வராமற்போனதும் ஒல்லாந்தரின் ஓயாத முறைப்பாடுகள். கடைசியில் 1782இல் படை அனுப்பியே வன்னியை அடக்கினார்கள். உரிமை கோரிக் கோட்டை கட்டி, ஆட்சியை முழுமையாக நடத்த இயலாமல் இருந்த நிலை அது. பெல்ஜியமோ சீனாவின் மீதோ பாரசீகத்தின் மீதோ இறைமை எதையும் கோரவில்லை. கோராமலே வேண்டியதைப் பெற்றது என்பதுதான் இங்கே விளங்க வேண்டிய பொருள். வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் 1803இல் ஆங்கிலேயரின் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கியபோது எதிரி எங்கே இருக்கிறான் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. ஹான்கோவில் சரக்கேற்றிய சீன வணிகன் எந்தக் கோட்டையைத் தாக்குவான்?

எகிப்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1882 முதல் அங்கே ஆங்கிலேயரின் படை இருந்தது; அந்த நிழலில் எதுவார் எம்பேன் என்ற பெல்ஜிய முதலாளி 1890களில் கெய்ரோ டிராம் உரிமையைப் பெற்றார், பின்னர் 1905 அளவில் நகருக்கு வெளியே பாலைவன நிலத்தை மலிவாக வாங்கி ஹீலியோபோலிஸ் என்ற புதுநகரையே எழுப்பினார். அங்கே அவர் தமக்குக் கட்டிய மாளிகை கொங்கிறீற்றில் வார்த்த இந்துக் கோயில்போல் இருக்கும்; படத்தைப் பார்த்தால் நம்மவருக்குக் கோபுரந்தான் நினைவுக்கு வரும். வெளிநாட்டவரின் வழக்குகளை அங்கே விசாரித்தவை எகிப்திய நீதிமன்றங்கள் அல்ல, ஐரோப்பிய நீதிபதிகள் அமர்ந்த கலப்பு நீதிமன்றங்கள். சீனாவில் 1865 உடன்படிக்கை செய்த வேலையை எகிப்தில் அவை செய்தன.

மறுமொழி: ஓமந்தையான்

சிவம் ஐயா சொன்னதை ஏற்கிறேன். மாங்குளத்துத் தம்பியின் அளவுகோலைச் சீனாவுக்குப் பொருத்தி, எப்படி முடிந்தது என்பதையும் மாணவருக்குச் சொல்லிவிடுங்கள். ஹான்கோவிலிருந்து தெற்கே கன்டன் வரையான பாதையின் உரிமை ஓர் அமெரிக்கக் கம்பனியிடம் இருந்தது. லியோபோல்ட் மன்னரும் பெல்ஜிய முதலாளிகளும் அதன் பங்குகளைச் சத்தமில்லாமல் வாங்கிக் கட்டுப்பாட்டைப் பிடித்தது 1904இல் வெளிப்பட்டதும், பெல்ஜியத்தை முதலில் வரவேற்ற அதே ஜாங் ஜிடோங் முன்னின்று, 1905இல் 6.75 மில்லியன் டொலர் கொடுத்து அந்த உரிமையைச் சீனாவுக்கு மீட்டார். பீக்கிங்–ஹான்கோ பாதையையும் ஒப்பந்தம் அனுமதித்தபடி 1908இன் இறுதியில் கடனைத் தீர்த்து மீட்டார்கள். 1865 உடன்படிக்கை மட்டும் நின்றது. 1926இல் சீனா அதைத் தானாகவே முடிவுறுத்தியபோது பெல்ஜியம் படை அனுப்பவில்லை. ஹேக் நகரில் அப்போது இருந்த நிரந்தர அனைத்துலக நீதிமன்றத்துக்குச் சென்றது. புதிய உடன்பாடு எட்டப்பட்டதால் 1929இல் வழக்கைத் திரும்பப் பெற்று, தியென்சின் பகுதியை 1931இல் ஒப்படைத்தது.

1908இல் அந்தப் பாதையை மீட்பதற்கு வேண்டிய பணத்தில் 50 இலட்சம் பவுணைச் சீனா ஒரு பிரித்தானிய வங்கியிடமும் ஒரு பிரெஞ்சு வங்கியிடமும் கடனாகப் பெற்றது. ஆனால் இம்முறை இயக்கும் உரிமையை எழுதிக் கொடுக்கவில்லை. வகுப்பில் கரும்பலகையில் 1898, 1908 ஆகிய இரண்டு கடன்களின் நிபந்தனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்து, எது ஏகாதிபத்தியம் என்று அந்த மாணவனையே சொல்லவிடுங்கள்.